கோட்டுக்குக் கீழே

பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. நாலில் ஒன்று பெரிசா, எட்டில் ஒன்று பெரிசா என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேர் எட்டில் ஒன்றுதான் என்பார்கள். எட்டு பெரிய எண் அல்லவா? ஒரு கடலை மிட்டாயை உடைத்துக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள். கீழே இருக்கும் எண் மாறினால் மேலே இருப்பதன் மதிப்பே மாறிவிடும் என்பதை அவர்கள் மனசில் ஏற்ற ஒரு மாதம் பிடிக்கும். கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பல வருடம் கணக்கு எடுத்தவன் நான். இந்தச் சங்கதியை மறப்பதில் பெரியவர்கள் பிள்ளைகளை மிஞ்சியவர்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் மே மாதத்தில் ஒருநாள் மாநிலமே சேர்ந்து மறந்துபோகும்.

2023ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதியவர்கள் 9,14,320 பேர். பாஸ் ஆனவர்கள் 8,35,614 பேர். 91.39 சதவீதம். அடுத்த ஆண்டு 91.55, அதற்கடுத்த ஆண்டு 93.80. வருடா வருடம் ஏறிக்கொண்டு வருகிறது, சந்தோஷம்தான். ஆனால் அந்தச் செய்திக்குள் 'எழுதியவர்கள்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதை யாரும் நின்று படிப்பதில்லை. அதே 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை அன்று ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் வரவில்லை என்று செய்தி வந்து பெரிய பேச்சானது. கொரோனா காலத்தில் எல்லோரும் பாஸ் என்று அறிவித்தபோது மேலே ஏறி வந்தவர்களில் பலர் எப்போதோ படிப்பை விட்டிருந்தார்கள். பதிவேட்டில் பெயர் மட்டும் நின்றது, அந்தப் பெயர்களுக்கு ஹால் டிக்கெட்டும் வந்தது. சில நாள் விவாதம் நடந்தது. மே மாதம் ரிசல்ட் வந்தபோது அந்த 50 ஆயிரம் பேர் கோட்டுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

நூறு சதவீதம் என்றால் என்ன? தொகுதியும் பகுதியும் சமம் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதற்கு இரண்டு வழி உண்டு. மேலே இருக்கும் எண்ணைக் கீழே இருப்பதன் அளவுக்கு உயர்த்தலாம். அல்லது கீழே இருப்பதை மேலே இருப்பதன் அளவுக்கு இறக்கலாம். முதல் வழிக்குக் காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்க வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், தொண்டை கட்ட வேண்டும். இரண்டாவது வழிக்குப் பெரும்பாலும் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும்.

இந்தச் சும்மா இருப்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளி என்றால் ஆறு முதல் பத்து வரை. பிளஸ் ஒன், பிளஸ் டூ கிடையாது. ஒரு தலைமையாசிரியர், தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர். நான் வேலை பார்த்த பள்ளி ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்கள் ஒட்டும் கரிசல் ஓரத்தில் இருந்தது. சீமைக்கருவேலமும் கரிமூட்டமும் மானாவாரி மிளகாயும் உள்ள பக்கம். பத்தாம் வகுப்பில் ஒரு வருடம் 22 பேர் இருப்பார்கள், ஒரு வருடம் 15 பேர்.

இந்த 15 பேர் யார் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. கொஞ்சம் கையில் காசு புழங்குகிறவர்கள் பிள்ளைகளைக் காலை ஏழரைக்கு மஞ்சள் வேனில் ஏற்றி டவுன் மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே வீட்டில் பையன் வேனில் ஏறுவான், அவன் அக்கா நடந்து எங்கள் பள்ளிக்கு வருவாள். அதனால் எங்களிடம் பெண் பிள்ளைகள் எப்போதும் கூடுதல். மிச்சம் இருப்பவர்கள் காலனிப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், அப்பா இல்லாமல் பாட்டி வளர்க்கும் பிள்ளைகள், டவுன் பள்ளி 'இவனுக்குப் படிப்பு வராது' என்று எட்டாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளைகள். ஆமாம், அந்தப் பள்ளி தன் பகுதியை இறக்கும்போது அந்தப் பிள்ளை எங்கள் பகுதியில் வந்து சேரும். மே மாதம் இரண்டு பள்ளியின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'பாருங்க, தனியார்னா தனியார்தான்' என்று டீக்கடையில் பேசுவார்கள்.

பள்ளியைவிட வீடுதான் பிள்ளையின் மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்று அமெரிக்காவில் 1966இலேயே ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு சொன்னது. அறுபது வருடம் ஆகப்போகிறது. அதற்கு எதிராகவும் துணையாகவும் நிறைய எழுதிவிட்டார்கள். ஆனாலும் ரிசல்ட் அன்று பேசும்போது பள்ளி என்பது ஒரு அரவை மில் மாதிரியும் எல்லா மில்லுக்கும் ஒரே நெல் வருகிற மாதிரியும்தான் பேசுகிறோம்.

இலக்கியம் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒன்று சொல்வார்கள்: பாஸ், பெயில் எல்லாம் என்ன அளவுகோல், பிள்ளை எதைக் கற்றது என்று பாருங்கள், மனப்பாடக் கல்வி ஒழிக. எனக்கு இதில் சம்மதம் பாதிதான். எங்கள் பக்கத்தில் பத்தாம் வகுப்பு பாஸ் என்பது ஒரு கதவு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத அது வேண்டும். போலீஸில் இரண்டாம் நிலைக் காவலர் ஆக அது வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவனின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை விழாமல் இருக்க அது வேண்டும். அந்த முத்திரை இருந்தால் குடிபெயர்வு அனுமதி வாங்க ஏஜென்ட் பின்னால் அலைய வேண்டும். 35 மார்க்குக்கும் 34 மார்க்குக்கும் நடுவில் இருப்பது ஒரு மார்க் அறிவு இல்லை, ஒரு ஏஜென்ட்.

அதனால் 'மினிமம் மெட்டீரியல்' என்று நாங்கள் ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பதைக் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். கணக்குத் தாளில் ஒரு மார்க் கேள்வி 14. கடைசியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, ஆளுக்கு 8 மார்க். ஆக 30 வந்துவிட்டது. இரண்டு மார்க் கேள்வியில் மூன்று போட்டால் 36. வகுத்தல் தெரியாத பையன்கூட தொடுகோடு வரையக் கற்றுக்கொள்வான், அதற்குக் கை போதும். வட்டம் போடு, ஆரம் எடு, மையக் குத்துக்கோடு வெட்டு. ஐம்பது தடவை போட்டால் வந்துவிடும். இது கல்வியா என்று கேட்டால், முழுசாக ஆமாம் என்று சொல்ல மாட்டேன். தொடுகோடு என்றால் என்ன என்று கேட்டால் அந்தப் பையன் முழிப்பான். ஆனால் கல்வித்துறை ஒன்பது வருடத்தில் தராததை மூன்று மாதத்தில் முழுசாகத் தர முடியாது என்று தெரிந்த ஒரு வாத்தியார், தரக்கூடியதைத் தருகிறார். முதல் வழி என்று மேலே சொன்னேனே, தொகுதியை உயர்த்துவது, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். அதில் ஓட்டை உண்டு, ஆனால் அந்தப் பிள்ளை வகுப்பறைக்குள் இருக்கிறது.

இரண்டாவது வழியில் பிள்ளை வெளியே போகிறது. எப்படிப் போகும்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைதான். ஏறக்குறைய எட்டாம் வகுப்போடு சட்டம் கையை விட்டுவிடும். ஒன்பதாம் வகுப்பு என்பது சட்டத்தின் கூரை முடிந்து வெயில் ஆரம்பிக்கும் இடம். அங்கேதான் 'இவனை ஐ.டி.ஐ. சேர்க்கலாமே', 'பிரைவேட்டா எழுதிக்கட்டும்', 'வருகை பத்தலையே' எல்லாம் வரும். இவையாவது வாயைத் திறந்து சொல்கிறவை. இன்னொரு வகை உண்டு.

நான் இருந்த ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் 18 பேர். அதில் ஒருவன் ஆட்டுக்காரர் வீட்டுப் பையன். அறுவடை முடிந்து தை மாதம் பிறந்ததும் அவன் குடும்பம் ஆட்டை ஓட்டிக்கொண்டு கிடை போடக் கிளம்பிவிடும். வயலுக்கு வயல், ஊருக்கு ஊர். உரத்துக்காகக் கிடை மறிக்கச் சொல்லி நெல்லும் பணமும் கொடுப்பார்கள். பையன் அரையாண்டில் நாலு பாடம் பெயில். பொங்கல் லீவுக்குப் போனவன் திரும்பவில்லை. பிப்ரவரி ஆகிவிட்டது.

வகுப்பாசிரியை, ஆங்கில டீச்சர், போய்க் கூட்டிவரலாமா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார். தலைமையாசிரியர் நல்ல மனிதர். ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருடம் இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தில் மேடையில் வைத்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்கப்பட்டவர். அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"யாரும் அவன வெளிய அனுப்பல டீச்சர். பேரு நாமினல் ரோல்ல இருக்கு. ஹால் டிக்கெட் வரும். வந்தா எழுதட்டும். வராட்டி நாம என்ன செய்ய முடியும்? நீங்க தேடிப் போகாம இருந்தாப் போதும்." என்னைப் பார்த்துத் திரும்பி, "பதினெட்டுல ஒண்ணுன்னா எவ்வளவு சார்? நீங்கதான கணக்கு."

5.55 சதவீதம் என்றேன். அவன் எழுதிப் பெயிலானால் 94.44. வராமல் இருந்தால், மற்ற 17 பேரும் பாஸானால், நூறு.

இந்த வாக்கியத்தைப் பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். அதில் பொய் இல்லை. சட்டமீறல் இல்லை. யாருக்கும் எதிராக எதுவும் செய்யச் சொல்லவில்லை. கொல்வதற்கும் சாக விடுவதற்கும் வித்தியாசம் உண்டா என்று தத்துவம் படிக்கிறவர்கள் காலங்காலமாகச் சண்டை போடுகிறார்கள். செய்வது வேறு, செய்யாமல் விடுவது வேறு என்கிறது ஒரு தரப்பு. முன்பின் தெரியாதவர்கள் விஷயத்தில் அது சரியாகக்கூட இருக்கலாம். தெருவில் போகிற ஒருவனைத் தேடிப்போய் படிக்க வைக்கவில்லை என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பேர் நம் பதிவேட்டில் இருக்கும் பிள்ளை விஷயத்தில் அந்த வித்தியாசம் நிற்காது என்பது என் கட்சி. பெயர் எழுதிச் சேர்த்துக்கொள்வது என்றால் அதுதான்: இனி நீ வராவிட்டால் அது எனக்கும் ஒரு செய்தி. இரண்டாவது, தலைமையாசிரியர் வெறுமனே தேடாமல் இருக்கச் சொல்லவில்லை. தேடாமல் இருப்பதில் ஒரு லாபம் இருந்தது. லாபத்துக்காக ஒன்றும் செய்யாமல் இருப்பதைச் சும்மா இருத்தல் என்று சொல்ல முடியாது.

அவர் அந்தப் பையன் கெட்டுப்போகட்டும் என்று நினைத்தவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "பெயிலானா மனசு ஒடஞ்சிருவான் சார், அடுத்த வருசம் நிதானமா எழுதட்டும்" என்றும் சொன்னார். இதைப் பல பள்ளிகளில் கேட்கலாம். பிள்ளையின் நன்மைக்காக என்ற பேச்சு. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மார்ச்சில் எழுதிப் பெயிலானவனுக்கு அந்தக் கோடையிலேயே துணைத்தேர்வு உண்டு. விட்ட பாடத்தை மட்டும் எழுதி, பாஸானால் அதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம். எழுதாமல் நின்றவனுக்குப் பெரும்பாலும் பள்ளியோடு இருந்த தொடர்பே அறுந்துவிடும், பிறகு தனித்தேர்வர் என்று அஞ்சு பாடத்தையும் சுமந்துகொண்டு தனியாக நிற்க வேண்டும். ஆகப் பிள்ளையின் கணக்குப்படி எழுதிப் பெயிலாவது எழுதாமல் இருப்பதைவிட நல்லது. பள்ளியின் கணக்குப்படி எழுதாமல் இருப்பது பெயிலாவதைவிட நல்லது. இரண்டும் எதிரெதிர்த் திசை. துணைத்தேர்வில் ஒருவன் பாஸானால் எந்தப் பள்ளியும் ஃப்ளெக்ஸ் வைப்பதில்லை. இப்படி நலன் இரண்டாகப் பிரியும் இடத்தில் பள்ளி 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொன்னால், அதைச் சொல்ல அதற்கு அருகதை உண்டா?

டீச்சர் தேடிப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு டூ வீலரில், நாலைந்து ஊர் விசாரித்து, ஒரு கண்மாய்க்கரையில் கண்டுபிடித்தார். பையனின் அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"பரீச்ச எத்தன நாளு டீச்சர்?"

"அஞ்சு நாளு. எடையில லீவு இருக்கும்."

"அப்ப அவுக தாத்தாவ வரச் சொல்லிர்றேன்."

அவ்வளவுதான். பெற்றோருக்கு ஆர்வம் இல்லை, அக்கறை இல்லை என்று கூட்டங்களில் புள்ளிவிவரத்தோடு பேசப்படும் தடை ஒரு தாத்தாவால் நீங்கிவிட்டது. இந்தக் கிடைக்காரர்கள் பொழுது சாய ஆட்டை மறிக்குள் அடைக்கும்போது பார்த்திருக்கிறேன். ஒரு குட்டி குறைந்தால் உடனே தெரியும், டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மறிக்குள் இருப்பதை மட்டும் எண்ணி 'இருக்கிற ஆடெல்லாம் இருக்கு' என்று படுத்துக்கொள்ளும் கிடைக்காரனை நான் கண்டதில்லை. சர்ச்சில் சொல்லும் நூறு ஆட்டுக் கதையிலும் மேய்ப்பனுக்குக் கீழ் எண் நூறுதான், தொண்ணூற்றொன்பது ஆகவில்லை.

பையன் வந்தான், எழுதினான், இரண்டு பாடத்தில் பெயில். கணக்கில் 31. எங்கள் பள்ளிக்கு அந்த வருடம் 94.44. துணைத்தேர்வில் ஆங்கிலம் பாஸ் ஆனான், கணக்கு திரும்பவும் நின்றது. பிறகு என்ன ஆனான் என்பதை வைத்து டீச்சர் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வார்கள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். அவன் கலெக்டர் ஆனாலும் ஆடு மேய்த்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையின் நியாயம் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. எழுதிப் பெயிலாவதற்கு அவனுக்கு உரிமை இருந்தது.

சின்னப் பள்ளியை சதவீதத்தால் அளப்பதிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. 400 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை கால் சதவீதம். அவனுக்கு அம்மை போட்டாலும் காதல் வந்தாலும் எண் அசையாது. 18 பேர் பள்ளியில் அவன் ஐந்தரை சதவீதம், அவன் காய்ச்சல் பள்ளியின் காய்ச்சல். ஹோவர்டு வெய்னர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இதை அழகாகக் காட்டியிருக்கிறார்: பென்சில்வேனியா பள்ளிகளை மதிப்பெண்படி வரிசையிட்டால் உச்சியில் சின்னப் பள்ளிகள் அளவுக்கு மிஞ்சி இருக்கும். சின்னப் பள்ளிதான் சிறந்தது என்று முடிவுகட்டுவதற்குள் பட்டியலின் அடியைப் பார்த்தால் அங்கேயும் சின்னப் பள்ளிகளே. கூட்டம் குறைந்தால் எண் ஆடும், அவ்வளவுதான். எங்கள் பள்ளி ஒரு வருடம் மாவட்டத்தில் முன்வரிசையில் இருந்தது, அடுத்த வருடம் கடைசிப் பக்கம் போனது. முதல் வருடம் சால்வை, இரண்டாம் வருடம் விளக்கக் கடிதம். நடுவில் நாங்கள் ஐந்து பேரும் அதே ஐந்து பேர்தான், அதே பாடம்தான், அதே ஜெராக்ஸ்தான்.

சாதிவாரியாகப் பிரித்துப் பார்ப்பதிலும் இதே சிக்கல், இன்னும் கூர்மையாக. பி.சி., எம்.பி.சி., டி.என்.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. என்று கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் எழுதியவர், பாஸானவர் என்று நிரப்பச் சொல்வார்கள். இதற்கு எதிராகப் பேசுகிறவர்கள் 'பள்ளிக்கூடத்துல எதுக்கு சாதி' என்பார்கள். எனக்கு அது ஒப்பில்லை. எண்ணாவிட்டால் யார் விடுபடுகிறார்கள் என்பது தெரியவே தெரியாது. அருந்ததியருக்கு 2009இல் உள் ஒதுக்கீடு வந்ததே, எஸ்.சி. என்ற ஒரே கட்டத்துக்குள் அவர்கள் காணாமல் போகிறார்கள் என்று எண்ணிக் காட்டியதால்தான். எங்கள் பக்கத்துக் காட்டுநாயக்கர் பிள்ளைகள் பலருக்கு எஸ்.டி. சான்றிதழே கிடைக்காமல் எந்தக் கட்டத்திலும் சரியாக விழாமல் நிற்கிறார்கள், அது தனிக்கதை.

ஆனால் 18 பேர் பள்ளியில் 'எஸ்.டி.: எழுதியவர் 2, தேர்ச்சி 1' என்று ஒரு தாளில் வந்தால் அது புள்ளிவிவரமா? ஊருக்கே தெரியும் பெயிலானது யார் வீட்டுப் பிள்ளை என்று. அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' என்ற சட்டம் இனவாரியாக, வறுமைவாரியாகப் பள்ளி முடிவுகளைப் பிரித்து வெளியிடச் சொன்னது. 2014க்குள் எல்லாப் பிள்ளையும் தேற வேண்டும் என்றும் சொன்னது, அவர்களுக்கும் நூறு மேல் ஆசை. ஒரு பிரிவில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அந்தக் கட்டத்தில் எண் போடாமல் விட்டுவிடலாம், அந்தக் குறைந்தபட்ச எண் என்ன என்பதை மாநிலமே முடிவு செய்யலாம். கிராமத்துச் சின்னப் பள்ளியில் இருந்த நாலு கறுப்பினப் பிள்ளைகள் பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி ஆனார்கள். அந்தரங்கம் காக்கப்பட்டது, வாஸ்தவம். அவர்கள் படிப்பு என்ன ஆனது என்று அந்தப் பள்ளியிடம் கணக்குக் கேட்பதும் அந்தக் குறிக்குள் மறைந்துபோனது.

நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனை வீடு புகுந்து சக மாணவர்கள் வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதிக்கான கட்டமே இருக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நல்ல பரிந்துரை. தினமும் வகுப்பில் கையில் எடுக்கும் நோட்டில் சாதி தெரிந்தால் அது அடுத்த பெஞ்சுக்குத் தெரிய அதிக நேரம் ஆகாது. எண்ணுவது வேண்டும், ஆனால் எண்ணுகிறவர் வகுப்பறையில் இல்லாமல் தூரத்தில், ஒன்றியத்துக்கோ மாவட்டத்துக்கோ சேர்த்து எண்ண வேண்டும் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். நாற்பது பள்ளியைச் சேர்த்தால் அந்த இரண்டு பிள்ளைகள் எண்பது ஆவார்கள். அப்போது அதில் பாதி பெயில் என்றால் அது யார் வீட்டுப் பிள்ளை என்பது மறைந்து, யாருடைய பொறுப்பு என்பது தெரிய ஆரம்பிக்கும்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் சமத்துவம் பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு கற்பனை நாட்டைச் சொல்கிறார். அங்கே போர்வீரர்களுக்குத்தான் மரியாதை. முதலில் பணக்காரக் குடும்பத்தார் மட்டும் வீரர் ஆகலாம் என்று இருந்தது. பிறகு சீர்திருத்தம் வந்து, யார் வேண்டுமானாலும் போட்டியில் ஜெயித்தால் வீரர் ஆகலாம் என்று மாற்றினார்கள். அப்படியும் அதே பணக்காரப் பிள்ளைகள்தான் ஜெயித்தார்கள், மற்றவர்கள் சோறில்லாமல் மெலிந்து கிடந்ததால். கதவு திறந்துதான் இருக்கிறது என்கிறார்கள் சீர்திருத்தக்காரர்கள். அது வெறும் பேச்சு, அந்த மெலிவுக்கு ஏதாவது செய்யாதவரை திறந்த கதவுக்கு அர்த்தம் இல்லை என்கிறார் வில்லியம்ஸ். காமராஜர் காலத்து மதிய உணவையும் 1982இல் வந்த சத்துணவையும் 2022இல் தொடங்கிய காலை உணவையும் வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டுக்கு இதை வில்லியம்ஸ் வந்து சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதே ஒரு காலத்தில் நம் அரசுகள் பெருமையாகச் சொன்ன எண். கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணைப் பெரிதாக்குவதுதான் அன்று சாதனை. சோறு போட்டு உள்ளே கூட்டிவந்த பிள்ளையைச் சதவீதத்துக்காக வாசலில் மறந்துவிடும் பழக்கம் பிற்பாடு வந்தது.

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பிள்ளைகளை அறிவிப்பதை 2017இல் நிறுத்தினார்கள். அப்போது சிலர் ஊக்கம் போய்விடும் என்றார்கள். ஒன்றும் போகவில்லை. அதே மாதிரி பள்ளிவாரி சதவீதத்தையும் மூடிவிடலாம் என்று ஆசிரியர் சங்க நண்பர்கள் சொல்வதுண்டு. நான் அதற்கு இல்லை. மூடினால் உண்மையிலேயே பாடம் நடத்தாத பள்ளி நிம்மதியாகத் தூங்கும். வேறு ஒரு எண்ணைக் கூடவே கேட்கலாம் என்பதுதான் என் யோசனை: இந்தப் பத்தாம் வகுப்பு ஆறாம் வகுப்பாக இருந்தபோது எத்தனை பேர்? அவர்களில் இன்று எத்தனை பேர் பாஸ்? வேறு பள்ளிக்குப் போனவர்கள் எத்தனை, எங்கே போனார்கள் என்றே தெரியாதவர்கள் எத்தனை? எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் இருக்கிறது, எந்தப் பள்ளிக்கு மாறினாலும் அதே எண். ஆகச் செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

செய்தால் முதல் வருடம் பார்க்க நன்றாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பள்ளியின் அந்த 18 பேர் ஆறாம் வகுப்பில் 26 பேராக இருந்தவர்கள். பழைய அட்டென்டன்ஸை எடுத்து ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பேர் டவுன் பள்ளிக்கு, இரண்டு பேர் திருப்பூருக்குக் குடும்பத்தோடு. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்று அவள் தோழி சொன்னாள். ஒரு பையன் பட்டாசு ஆபீசில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. எட்டாவது பெயரைப் படித்தபோது முகம் ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் இருந்த அறிவியல் சாரிடம் கேட்டேன், அவருக்கும் வரவில்லை. ஆபீஸ் கிளார்க்கிடம் போய் டி.சி. வாங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். வாங்கவில்லை. அட்மிஷன் ரெஜிஸ்டரில் அப்பா பெயரும் தெருப் பெயரும் இருந்தன.